கங்கோத்ரி வழியில் பனியாற்றின் கைவேலையைப் படிப்பது எப்படி?

இமயமலைக்குப் போய்வருகிறவர்களில் பெரும்பாலோர் சிகரத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சிகரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மலைக்கு அந்த வடிவம் எப்படி வந்தது என்று சொல்லும் சான்றுகளில் பாதி பஸ் ஜன்னலுக்கு வெளியே கடந்துபோகின்றன, மீதி காலடியில் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க நிலவியல் பட்டம் வேண்டியதில்லை. எதை, எங்கே, எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

அதற்கு நான் தேர்ந்தெடுக்கும் வழி உத்தராகண்டின் உத்தரகாசியிலிருந்து கங்கோத்ரி, அங்கிருந்து கங்கோத்ரி பனியாறு முடியும் இடமான கோமுக், முடிந்தவர்களுக்கு அதற்கு மேலே தபோவனப் புல்வெளி. காரணம் எளிது. பனியாறு தொட்டிராத பள்ளத்தாக்கு, பனியாறு கைவிட்டுப்போன பள்ளத்தாக்கு, பனியாறு இன்னும் கிடக்கும் பள்ளத்தாக்கு ஆகிய மூன்றும் இந்த ஒரே வழியில் அடுத்தடுத்து வருகின்றன. சார் தாம் யாத்திரை போகிறவர்கள் எப்படியும் முக்கால்வாசி தூரம் இதில் போகிறார்கள்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வழியில் பனிக்கட்டியைப் பார்ப்பது கடைசி வேலை. நேராகக் கோமுக் போய் நின்றால் அழுக்கு படிந்த ஒரு பனிச்சுவர்தான் கண்ணில் படும், அதைப் பார்த்து ஏமாந்து திரும்புகிறவர்களே அதிகம். கீழிருந்து படித்துக்கொண்டே போனால்தான் அந்தச் சுவர் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்பது விளங்கும்.

முதல் படி: பனி மலையை எப்படி வெட்டுகிறது?

புறப்படும் முன் இந்தச் சிறு பாடம் அவசியம். உயரத்தில் விழும் பனி கோடையில் முழுவதும் உருகாமல் மிஞ்சினால், அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி விழுகிறது. மேலே பாரம் ஏற ஏற, அடியில் உள்ளது காற்றை இழந்து இறுகிக் கெட்டியான பனிக்கட்டியாகிறது. சில பத்து மீட்டர் தடிமன் சேர்ந்துவிட்டால் தன் எடையாலேயே அது சரிவில் மெல்ல நகரத் தொடங்கும், அப்படி நகரும் பனிதான் பனியாறு. மேற்பரப்பு உடையும், வெடிக்கும். ஆழத்தில் உள்ள பனியோ உடையாமல் வளைந்து கொடுத்து ஒழுகும். அடியில் உருகிய நீர் கசிந்திருந்தால் மொத்தப் பனியும் பாறைமேல் வழுக்கியும் போகும். வேகம் ஆண்டுக்குச் சில பத்து மீட்டர் இருந்தாலே அது நல்ல வேகம்.

வெட்டும் வேலை இரண்டு வகை. ஒன்று பிடுங்குவது. பாறை வெடிப்புகளுக்குள் நீர் புகுந்து உறைகிறது, பாறைத் துண்டு பனியோடு ஒட்டிக்கொள்கிறது, பனி நகரும்போது துண்டும் பெயர்ந்து வருகிறது. இரண்டாவது தேய்ப்பது. வெறும் பனி பாறையைத் தேய்க்காது. பிடுங்கிய கற்கள் அடியில் பதிந்திருப்பதால்தான் தேய்கிறது. உப்புத்தாளில் காகிதமா மரத்தை இழைக்கிறது? அதில் ஒட்டிய மணல்தானே. அதே கதைதான் இங்கும். தேய்த்ததில் உதிரும் மாவு எங்கே போகிறது என்பதைக் கோமுக்கில் பார்ப்போம்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். சர்க் (பனி குடைந்த குழி), அரெட்டு (கூர்முகடு), மொரைன் (பனியாறு குவித்த கல்லும் மண்ணும்) என்று பள்ளிப் புவியியலில் மனப்பாடம் செய்த பெயர்கள் எல்லாம் இவற்றின் விளைவுகள்தான்.

இரண்டாம் படி: வீட்டிலேயே ஒருமுறை போய்வருதல்

கூகுள் எர்த்திலோ இஸ்ரோவின் புவன் தளத்திலோ கோமுக்கைத் தேடிப் பிடியுங்கள். அங்கிருந்து தென்கிழக்காகச் சாம்பல் நிறத்தில் வளைந்து போகும் பட்டைதான் கங்கோத்ரி பனியாறு. ஏறத்தாழ 30 கி.மீ. நீளம். அதன் தலைப்பக்கத்தில் 7,138 மீட்டர் உயரச் சௌகம்பா நிற்கிறது. பட்டையின் மேல் நீளவாக்கில் கோடுகள் தெரிகின்றனவா? பக்கத்துப் பனியாறுகள் வந்து கலக்கும் இடங்களில் இரண்டின் ஓரக் கற்குவியல்களும் ஒன்றாகி நடுவே ஓடும் கோடுகள் அவை. இவற்றுக்கு நடு மொரைன் என்று பெயர். தரையில் நின்றால் இவை வெறும் கல்மேடு, மேலிருந்து பார்த்தால்தான் கோடு. அதனால் இதை வீட்டில் பார்த்துவிடுவதே நல்லது.

பிறகு ரக்தவர்ணம், சதுரங்கி, கீர்த்தி, மேரு ஆகிய கிளைகளைத் தேடுங்கள். ரக்தவர்ணமும் சதுரங்கியும் முன்பு தலைமைப் பனியாற்றோடு சேர்ந்திருந்தவை, இப்போது அறுந்து மேலே நின்றுவிட்டன. கிளை எங்கே வந்து சேர்ந்தது, இப்போது எங்கே நிற்கிறது என்று திரையிலேயே விரல் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, கோமுக்கிலிருந்து ஆற்றோடு கீழே இறங்கி ஜாலா என்ற ஊர்வரை வாருங்கள். ஆற்றின் வழியே சுமார் 40 கி.மீ. இந்த ஊர்ப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: அனுமதி, பருவம், உடம்பு

கோவில் திறந்திருக்கும் அட்சய திருதியை முதல் தீபாவளி வரையிலான காலத்தில், மே-ஜூன் அல்லது செப்டம்பர்-அக்டோபர் பாருங்கள். இரண்டில் எனக்குப் பிடித்தது மழை ஓய்ந்த செப்டம்பர் கடைசி. வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், ஆற்றில் நீர் குறைந்திருக்கும், கரையோரப் பாறைகள் வெளியே தெரியும். ஜூலை, ஆகஸ்டு வேண்டாம்.

கங்கோத்ரிக்கு மேலே தேசியப் பூங்கா. கோமுக் போக வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் தருகிறார்கள். தபோவனத்துக்குத் தனி அனுமதியும் வழிகாட்டியும் தேவை.

உத்தரகாசி சுமார் 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கங்கோத்ரி 3,000 மீட்டருக்கு மேல். வண்டியில் ஒரே நாளில் ஏறிவிடலாம், உடம்பு ஏறாது. வழியில் ஹர்சிலில் ஓர் இரவு, கங்கோத்ரியில் ஓர் இரவு தங்கிவிட்டு நடக்கத் தொடங்குங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே போகும் திட்டத்தைக் கைவிட்டு இறங்கிவிட வேண்டும்.

பையில் கூடுதலாக எடுத்துப்போக வேண்டியவை: ஒரு பைனாகுலர், ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி, உள்ளே இருப்பது வெளியே தெரியும் இரண்டு பாட்டில்கள். பாட்டில் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நான்காம் படி: பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வி-யிலிருந்து யு-வுக்கு

உத்தரகாசியிலிருந்து கங்கோத்ரி ஏறத்தாழ 100 கி.மீ. பட்வாரி, கங்னானி தாண்டும்வரை பள்ளத்தாக்கு ஒடுங்கியே இருக்கும். இரண்டு பக்கச் சரிவுகளும் ஆற்றை நோக்கி நேராக இறங்கி அடியில் சந்திக்கும், ஆற்றுக்கே இடம் போதாது. இது ஆறு வெட்டிய வடிவம். ஆறு தான் ஓடும் குறுகிய தடத்தை மட்டுமே கீழ்நோக்கி அறுக்கும். சரிவுகள் சரிந்து விழுந்து விழுந்து வி வடிவம் வருகிறது.

கங்னானிக்குப் பிறகு சாலை கொண்டைஊசி வளைவுகளில் சுக்கி மேட்டுக்கு ஏறுகிறது. இங்கே தூங்கிவிடாதீர்கள். மேடு ஏறி மறுபுறம் ஜாலாவுக்கு இறங்கும்போது காட்சி சட்டென்று மாறும். பள்ளத்தாக்கு விரிந்து, அடி தட்டையாகி, ஆறு பல கிளைகளாகப் பிரிந்து மணல்திட்டுகளுக்கு நடுவே சோம்பலாக ஓடும். பக்கச் சுவர்கள் செங்குத்தாக எழும்பும். யு வடிவம் இதுதான்.

பனியாறு ஆற்றைப்போல் அடியில் ஒரு கோடாக ஓடுவதில்லை, பள்ளத்தாக்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு நகர்கிறது. அடியோடு பக்கங்களையும் சேர்த்துத் தேய்க்கிறது. பழைய மொரைன் மேடுகளின் வயதைக் கணித்த ஆய்வாளர்கள், சுமார் 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கங்கோத்ரி பனியாறு ஜாலாவரை வந்திருந்தது என்கிறார்கள். நீங்கள் வீட்டில் திரையில் அளந்த 40 கி.மீ. தூரம் பனியாக இருந்திருக்கிறது.

ஆனால் இங்கே புதியவர்கள் அவசரப்படும் ஓர் இடம் உண்டு. ஹர்சிலின் தட்டை அடி முழுவதும் பனியாறு இழைத்தது அல்ல. பனியாறு தோண்டிய தொட்டியைப் பிற்பாடு ஆற்று மணலும் ஏரி வண்டலும் நிரப்பியிருக்கின்றன. ஜாலா அருகே நிலச்சரிவு ஆற்றை அடைத்து, மேல்புறம் ஏரி தேங்கியிருந்த காலமும் உண்டு. சுவர் பனியாற்றுடையது, தரை ஆற்றுடையது என்று பிரித்துப் படிக்க வேண்டும். யு வடிவப் பள்ளத்தாக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். பாறை அடித்தளம் நீங்கள் நிற்கும் புல்வெளிக்கு வெகு கீழே இருக்கலாம்.

ஹர்சிலுக்கு அடுத்து தராலி. 2025 ஆகஸ்டு 5 அன்று கீர் காட் என்ற பக்க ஓடை வழியே சேறும் கல்லும் கலந்த வெள்ளம் இறங்கி இந்த ஊரின் ஒரு பகுதியை மூடியது. பனியாற்று நிலத்தைப் படிக்கப் பழகுகிறவர் இந்த ஊரைத் தவறாமல் கவனிக்க வேண்டும். மேலே செங்குத்தான பக்கப் பள்ளத்தாக்கில் பழைய பனியாறுகள் விட்டுப்போன கற்குவியல்கள் தளர்வாகக் கிடக்கின்றன. கனமழையோ திடீரெனத் திறந்துகொள்ளும் நீரோ அவற்றைக் கிளப்பிவிட்டால், ஓடை பெரிய பள்ளத்தாக்கைத் தொடும் இடத்தில் கொண்டுவந்து கொட்டும். அப்படிக் கொட்டிக் கொட்டி உருவான விசிறி வடிவ மேடுகள்மீதுதான் இந்த மலைகளில் பல ஊர்கள் இருக்கின்றன. செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே வீடு கட்டச் சரிவு குறைந்த வேறு நிலம் கிடைப்பதில்லை. மலையில் அறை எடுக்கும்போது ஜன்னலில் சிகரம் தெரிகிறதா என்று கேட்பதற்கு முன், விடுதி ஓடை வாயில் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் அப்படிப்பட்ட இடத்தில் தங்கவே தங்காதீர்கள்.

ஐந்தாம் படி: பைரோன்காட்டியும் கங்கோத்ரியும்

கங்கோத்ரிக்குச் சுமார் 10 கி.மீ. முன்னால் பைரோன்காட்டி அருகே ஜாட் கங்கை வந்து கலக்கும் இடத்தில் பாலத்தின்மேல் நின்று கீழே பாருங்கள். தலை சுற்றும் ஆழம், மிகக் குறுகிய வெட்டு. பிறகு நிமிர்ந்து பாருங்கள், மேலே பள்ளத்தாக்கு அகலமாக இருக்கிறது. அகன்ற யு-வின் அடியில் ஆறு போட்ட புது வெட்டு இது. பனி விலகிய பின் ஆறு தன் பழைய வேலையைத் தொடங்கிவிட்டது. பனிக்கு அடியில் அழுத்தத்தோடு ஓடும் உருகுநீரும் இப்படி அறுக்கும் வல்லமை உடையது. பனியாறு ஒருநாள் வந்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் போய்விடவில்லை. ஆறும் பனியும் மாறி மாறி வெட்டிய மலை இது.

கங்கோத்ரியில் கோவிலுக்குக் கீழே சூரிய குண்டத்தில், இதுவரை வழியெல்லாம் கூட வந்த ஆறான பாகீரதி வெளிறிய பாறைக்குள் விழுவதைப் பார்க்கலாம். அந்தப் பாறையை உருப்பெருக்கியில் பாருங்கள். வெள்ளைக் கிரானைட்டில் கரும் ஊசிகளாகத் தெரிவது டூர்மலின் கனிமம். இந்தக் கல்லை நினைவில் வையுங்கள், மேலே உதவும். எதிர்க்கரையிலிருந்து கேதார் கங்கை வந்து சேருகிறது. அந்தப் பக்கப் பள்ளத்தாக்கில் கேதார்தால் ஏரிக்குப் போகிறவர்கள் ஊரைவிட்டதும் மூச்சு முட்ட ஏறித்தான் பள்ளத்தாக்கின் தளத்தை அடைகிறார்கள். பெரிய பனியாறு ஆழமாக வெட்டியது, சிறிய பனியாற்றால் அவ்வளவு வெட்ட முடியவில்லை. பனி போனதும் சிறியதன் வாய் உயரத்தில் தொங்குகிறது. தொங்கும் பள்ளத்தாக்கு என்று படித்தது இதைத்தான். இங்கிருந்து மேலே இரு பக்கமும் அருவியாகவோ செங்குத்து ஓடையாகவோ இறங்கும் ஒவ்வொரு பக்க நீரையும் பார்த்து, அது எந்த உயரத்தில் தொங்கும் வாயிலிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

ஆறாம் படி: நடக்கத் தொடங்கியபின் கல்லைப் படித்தல்

கங்கோத்ரியிலிருந்து சீர்பாசா 9 கி.மீ., போஜ்பாசா 14, கோமுக் 18. பாதை பாகீரதியின் வலது கரையில் போகிறது. மேலே ஏறும்போது ஆறு உங்கள் வலப்பக்கம் கீழே இருக்கும். முதல் நாள் போஜ்பாசாவரை நடந்து தங்குவது வழக்கம். அந்த நாளை அவசரமில்லாமல் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

பாதையோரத்தில் மண் அறுபட்டு நிற்கும் இடங்கள் நிறைய வரும். ஒவ்வொன்றிலும் நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். கற்கள் அளவு வாரியாகப் பிரிந்து அடுக்கடுக்காக இருக்கின்றனவா? முனைகள் உருண்டிருக்கின்றனவா? எத்தனை வகைக் கல்?

அடுக்கு தெரிந்து, கற்கள் உருண்டையாக இருந்தால் அது ஆறு போட்டது. ஓடும் நீர் கல்லைத் தரம் பிரிக்கும். வேகம் குறையும் இடத்தில் முதலில் பெரிய கல், பிறகு சரளை, பிறகு மணல் என்று இறக்கிவைக்கும். அடுக்கே இல்லாமல், அறை அளவுப் பாறையும் கையளவுக் கல்லும் மாவு போன்ற மண்ணும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தால், பனியாறு போட்டது என்று சந்தேகிக்கலாம். பனிக்குத் தரம் பிரிக்கத் தெரியாது, சுமந்தது அனைத்தையும் அப்படியே இறக்கிவிடும். முனைகள் முழு உருண்டையும் இல்லாமல் முழுக் கூர்மையும் இல்லாமல் மழுங்கியிருக்கும். சில கற்களில் ஒரு முகம் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருக்கும். அப்படி ஒரு கல் கிடைத்தால் உட்கார்ந்து பாருங்கள், தேய்ந்த முகத்தில் கீறல்கள் இருக்கக்கூடும்.

இங்கேதான் நிலச்சரிவு குழப்பும். அதுவும் தரம் பிரிக்காது. வேறுபாடு மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. நிலச்சரிவுக் குவியலில் பெரும்பாலும் நேர்மேலே உள்ள சுவரின் கல் மட்டுமே இருக்கும், முனைகள் கத்திபோல் கூர்மையாக இருக்கும், தலை நிமிர்ந்தால் பெயர்ந்த தழும்பும் தெரியும். மொரைனில் நேர்மேலே உள்ள சுவரில் இல்லாத கல்வகைகளும் கலந்திருக்கும். கோமுக்குக்கு மேலே நிற்கும் பாகீரதி சிகரங்களின் கீழ்ப்பகுதி வெளிறிய கிரானைட், உச்சி கறுத்த படிவுப்பாறை. இரண்டும் அருகருகே ஒரே குவியலில் கிடந்தால், அவற்றைச் சேர்த்தெடுத்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தது யார் என்ற கேள்விக்குப் பனியாறு என்பதே பொருத்தமான விடை.

தூரத்துக் கல்லை வைத்துப் பனியின் பயணத்தைக் கண்டுபிடிப்பது இந்தத் துறையின் தொடக்ககாலத் தந்திரம். சுவிட்சர்லாந்தில் ழான் பியர் பெரோதான் என்ற மலைவாசி வேட்டைக்காரர், பள்ளத்தாக்கில் கிடந்த பெருங்கற்களையும் பாறைக் கீறல்களையும் பார்த்துவிட்டு, பனியாறு ஒருகாலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் இருந்தது என்று 1815-இல் ஓர் அறிஞரிடம் சொன்னார். அறிஞர் நம்பவில்லை. லூயி அகாசி 1837-இல் பனியுகக் கருத்தை அறிவியல் சங்கத்தில் பேசியபோதும் எதிர்ப்பு கடுமையாகத்தான் இருந்தது. தினமும் அந்த மலையில் நடந்தவரின் கண்ணுக்கு முதலில் தெரிந்துவிட்டது என்பது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தெம்பு தரும் செய்தி.

அடுத்து பள்ளத்தாக்குச் சுவர்களைப் பாருங்கள். சுவரோடு ஒட்டியும் ஒட்டாமலும், ஆற்றுக்கு இணையாக, கத்தி முதுகுபோல் நீளும் மண்கரைகள் தெரியும். இவை பக்க மொரைன்கள். பனியின் மேற்பரப்பு ஒருகாலத்தில் அந்த உயரத்தில் இருந்தது, ஓரத்தில் விழுந்த கற்களைக் கரையாகக் குவித்தது. பனி தாழ்ந்தபின் கரை மட்டும் தாங்குவார் இல்லாமல் நிற்கிறது. அதனால்தான் உள்பக்கம் செங்குத்தாகவும், மழை அறுத்த ஓடைகள் நிறைந்தும் இருக்கிறது. ஆற்றுக்கும் கரையின் முகட்டுக்கும் உள்ள உயரத்தைக் கண்ணால் அளந்தால், காணாமல்போன பனியின் தடிமன் கிடைக்கும்.

வயதைப் படிக்கச் செடிகள் உதவும். ஒன்றும் முளைக்காத வெறும் கல் என்றால் பனி அண்மையில்தான் விலகியிருக்கிறது. கல்லில் பாசிப்பூச்சு வட்டங்கள் இருந்தால் சற்றுப் பழையது, புல்லும் புதரும் வந்திருந்தால் இன்னும் பழையது. போஜ்பாசா என்ற பெயருக்குக் காரணமான போஜ (பிர்ச்) மரங்கள் வேர்விட்ட மேடுகள் அதற்கும் முந்தியவை. சுவரில் ஒரு மட்டத்துக்கு மேல் பசுமையும் கீழே வெறுமையும் கோடு போட்டதுபோல் பிரிந்தால், அந்தக் கோடுவரை பனி இருந்தது. இந்த முறை தோராயமானது. செம்மறியும் வரையாடும் மேய்ந்த சரிவிலும், கல் ஓயாமல் விழும் சரிவிலும் ஏமாற்றும்.

கல் ஓயாமல் விழும் சரிவு என்றதும் ஓர் எச்சரிக்கை. சீர்பாசாவுக்கும் போஜ்பாசாவுக்கும் இடையே கீலா பஹாட் என்ற பகுதி வருகிறது. வெயில் ஏறியபின் மேலே உறைந்திருந்தது இளகிக் கற்கள் விழும். அங்கே நின்று கல்லைப் படிக்க வேண்டாம், காலையிலேயே விறுவிறுவென்று தாண்டிவிடுங்கள்.

ஏழாம் படி: கீறல் தேடுதல்

பனியாற்றின் கையெழுத்து என்று சொல்லத்தக்கது பாறைக் கீறல்தான். பலர் தேடிக் கிடைக்காமல் சலிப்பதும் இதுதான். தேடும் இடம் முக்கியம். திறந்து கிடக்கும் கிரானைட் மணல் மணலாக உதிர்வதால் பழைய கீறல்கள் அழிந்துவிடும். மண் மூடியிருந்து அண்மையில் வெளிப்பட்ட பாறை, ஆற்றங்கரைக்குச் சற்று மேலே உள்ள பாறை, வெண்படிகக் கோடு ஓடும் பாறை ஆகியவற்றில் பாருங்கள். படிகக் கோடு கடினமானது, சுற்றியுள்ள பாறை உதிர்ந்த பின்னும் மெருகைக் காப்பாற்றி வைத்திருக்கும்.

நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பாறையைச் சாய்வாகத் தொடும்போது பாருங்கள். பாட்டில் நீரைக் கொஞ்சம் ஊற்றினால் மெருகு பளிச்சென்று தெரியும். விரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் கீறலில் தட்டுப்படும்.

கிடைத்தது கீறல்தானா என்று உறுதிசெய்ய, அது பள்ளத்தாக்கின் திசையிலேயே போகிறதா, பக்கத்துக் கீறல்களும் ஏறத்தாழ இணையாக இருக்கின்றனவா, பாறையின் நிறம் மாறும் இடத்திலும் நிற்காமல் தொடர்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறும் இடத்தில் நின்றுபோனால் அது பாறையின் உள் அடுக்காக இருக்கும்.

கீறலைத் தேடும்போதே பாறை மேடுகளின் இரண்டு முனைகளையும் பாருங்கள். பனி வந்த மேல்புறம் வழவழப்பாகச் சரிந்திருக்கும், போன கீழ்ப்புறம் உடைந்த படிகளாக நிற்கும். மேல்புறம் தேய்த்தது, கீழ்ப்புறம் பிடுங்கியது. முதல் படியில் படித்த இரண்டு வேலைகளும் ஒரே பாறையில்.

எட்டாம் படி: கோமுக்

போஜ்பாசாவில் விடியற்காலை எழுந்து புறப்படுங்கள். காலையில் உருகுநீர் குறைவு, ஓடைகளைத் தாண்டுவது எளிது. பனிமுகத்துக்கு மிக அருகே விடமாட்டார்கள். அது நல்லதுதான், அங்கே வீடளவுப் பனித்துண்டுகள் முன்னறிவிப்பின்றிப் பெயர்ந்து விழுகின்றன. சற்றுத் தள்ளி நின்று பைனாகுலரில் பாருங்கள்.

மேலே ஒரே கல்லும் மண்ணும், முகத்தில் மட்டும் நீலமும் சாம்பலுமாகப் பனி, அடியில் குகையிலிருந்து பீறிடும் பாகீரதி. இந்தக் கல்போர்வை பனியாற்றின் உருகலையே மாற்றிவிடுகிறது. மெல்லிய தூசுப்படலம் வெயிலை உறிஞ்சிப் பனியை வேகமாக உருக்கும். தடித்த கல்போர்வையோ அடியில் உள்ள பனியைக் காக்கும். அதனால் உருகல் ஒரே சீராக இல்லை, போர்வை கிழிந்த இடங்களில் செங்குத்துப் பனிமுகங்களும் குட்டைகளும் உண்டாகின்றன.

பனிமுகம் பின்வாங்குவதும் கண்ணால் பார்க்கக்கூடியதுதான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஜே.பி. ஆடன் 1935-இல் பனிமுகத்தை அளந்து வரைபடமாக்கினார். அதன்பிறகு பல பத்தாண்டுகள் சராசரியாக ஆண்டுக்கு 20 மீட்டர் அளவில் அது பின்வாங்கியது. போஜ்பாசாவிலிருந்து நீங்கள் நடந்துவந்த பாதையின் கடைசிப் பகுதியில், செடியே இல்லாத கல்வெளி தொடங்கிய இடம் நினைவிருக்கிறதா? அது பனி அண்மைக் காலத்தில் காலிசெய்த நிலம்.

இப்போது பாட்டில்கள். ஒன்றில் பாகீரதி நீரையும், மற்றொன்றில் பக்கத்தில் இறங்கும் ஏதேனும் ஊற்று ஓடை நீரையும் பிடியுங்கள். போஜ்பாசா திரும்பி இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் ஓடை நீர் தெளிந்திருக்கும். பாகீரதி நீரின் அடியில் சாம்பல் நிறப் படிவு நிற்கும், மேல் நீர் அப்போதும் பால் கலந்த மங்கலாகவே இருக்கும். மெல்லச் சாய்த்து நீரைக் கொட்டிவிட்டு அடிப்படிவை இரண்டு விரல்களுக்கு நடுவே தேயுங்கள். கொஞ்சம் மணல் நறநறக்கும், மீதி சொரசொரப்பே இல்லாமல் வழுக்கும். வெயிலில் காட்டினால் அபிரகத் துகள் மின்னும். தேய்த்ததில் உதிரும் மாவு எங்கே போகிறது என்று தொடக்கத்தில் கேட்டோமே, அது இதுதான். மலை இந்த அளவில்தான் கீழே போய்க்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு நாளும்.

ஒன்பதாம் படி: தபோவனம், முடிந்தவர்களுக்கு மட்டும்

சுமார் 4,460 மீட்டர் உயரத்தில் உள்ள தபோவனப் புல்வெளிக்குப் பனியாற்றின் மேலேயே நடந்து, பிறகு தளர்ந்த மொரைன் சரிவில் ஏற வேண்டும். வெடிப்புகள் கல்லால் மூடிக்கிடக்கும், வழி அடிக்கடி மாறும். வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது, காலில் நடுக்கம் உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

ஏறியவர்களுக்கு எதிரே 6,543 மீட்டர் உயரச் சிவலிங்கம். பிரமிடு வடிவம் ஏன் வந்தது என்பதற்கு அதன் பக்கங்களைப் பாருங்கள். சிகரத்தைச் சுற்றிப் பல திசைகளில் பனி தங்கிக் குடைந்திருக்கிறது. ஒவ்வொன்றும் நாற்காலி வடிவில் ஒரு குழி, அதுதான் சர்க். இரண்டு குழிகள் முதுகோடு முதுகு நெருங்கினால் நடுவே கூர்முகடு மிஞ்சும். பல குழிகள் சுற்றி வளைத்தால் கூர்ச்சிகரம். மலை மேல்நோக்கி வளர்ந்து கூராகவில்லை, சுற்றிலும் தின்னப்பட்டுக் கூரானது. எதிர்ப்பக்கம் பாகீரதி சிகரங்களில் வெளிறிய கிரானைட்டும் கறுத்த உச்சியும் இங்கிருந்து தெளிவாகத் தெரியும். கீழே மொரைன் குவியலில் நீங்கள் பிரித்துப் பார்த்த இரண்டு கற்களின் பிறப்பிடம் அது.

பிறகு திரும்பிக் கீழே பாருங்கள். தபோவனமே பனியாற்றுக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒரு திண்ணை. நடுவே பனியாறு வெகு ஆழத்தில் கிடக்கிறது.

நடக்க முடியாதவர்களும் வேறு வழி போகிறவர்களும்

கோமுக் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். சுக்கி-ஜாலா மாற்றம், ஹர்சில் தளம், ஜாட் கங்கை வெட்டு ஆகிய மூன்றும் வண்டியிலிருந்தே கிடைத்துவிடும். கங்கோத்ரியில் காலாற நடந்து கேதார் கங்கை வாயையும் பார்த்தால், என் கணக்கில் பாதிப் பாடம் முடிந்தது.

பத்ரிநாத் போகிறவர்கள் ஊருக்கு மேலே நிற்கும் நீலகண்டச் சிகரத்தைச் சிவலிங்கத்தோடு ஒப்பிடலாம். கேதார்நாத் போகிறவர்களுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். சம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதாரம் என்று பாடிய அந்தத் தலம், சோராபாரி பனியாற்றின் முன்னால் உருகுநீரும் பனியும் கொண்டுவந்து கொட்டிய கற்களின்மீது இருக்கிறது. கோவிலின் பின்புறம் வந்து மேலே பார்த்தால் பக்க மொரைன் கரைகள் தெரியும். அந்தக் கரையை ஒட்டித் தேங்கியிருந்த சோராபாரி ஏரிதான் 2013 ஜூன் 17 காலையில் உடைத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கியது. மொரைன் என்பது தளர்ந்த கல்லும் மண்ணும், அணையாக நிற்கக் கட்டப்பட்டது அல்ல. கோவிலுக்குப் பின்னால் வெள்ளத்தைப் பிளந்துவிட்ட பெரும் பாறையைப் பீமசிலை என்று வணங்குகிறார்கள். வணங்கிவிட்டு, அதன் முனைகள் கூர்மையா மழுங்கலா என்று ஆறாம் படியில் கேட்ட கேள்வியை அங்கேயும் கேட்டுப் பாருங்கள். சுற்றிலும் கிடக்கும் கற்களில் அதே வகைக் கல் எத்தனை, வேறு வகை எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள்.